கேட்டது கேட்டபடி

கமாவுக்கு அந்தப் பெயரை வைத்தவர் அச்சகத்தில் மெஷின் ஓட்டியவர். இருபத்திரண்டு வருடம் அவள் அங்கே மெய்ப்புப் பார்த்தாள். ஒரு பக்கத்தில் ஒரு காற்புள்ளி இடம் மாறி உட்கார்ந்திருந்தால், அந்தப் பக்கம் மாடிப்படி ஏறி அவள் மேசைக்கு வருவதற்கு முன்பே அவளுக்கு மூக்கு அரிக்கும் என்று சொல்வார்கள். அதை நான் பார்த்ததில்லை. பேருந்து நிறுத்தத்தில் நடந்ததைப் பார்த்திருக்கிறேன். அறிவிப்புப் பலகையில் ஓர் எழுத்து விட்டுப் போயிருந்தது. அதை எதைக்கொண்டு போடுவது என்று யோசிப்பதற்குள் மூன்று பேருந்துகளை விட்டாள். நான்காவது பேருந்தின் ஓட்டுநர் இறங்கி வந்து, சட்டைப்பையிலிருந்து கெட்டி மைப்பேனாவை எடுத்து நீட்டி, "போட்டுட்டு ஏறும்மா, எனக்கும் வீடு வாசல் இருக்கு" என்றார். அவள் போட்டு முடிக்கும்வரை பேருந்தில் நாற்பது பேர் காத்திருந்தார்கள். இப்போது நினைத்தால் அறுபது பேர் இருந்திருப்பார்கள் என்று தோன்றுகிறது.

நாற்பத்தேழாவது வயதில் அவளுக்கு வேலை போனது. அச்சக முதலாளியின் தாயார் காலமானார். முதலாளி அழுதுகொண்டே இரங்கல் அறிவிப்பை எழுதி, தானே எடுத்துவந்து கமாவின் மேசையில் வைத்தார். 'எங்கள் அன்புத் தாயார் நம்மை விட்டுப் பிரிந்தார்' என்று தொடங்கியது.

"சார், 'எங்கள் தாயார்'னு தொடங்கி 'நம்மை விட்டு'ன்னு முடிச்சிருக்கீங்க. 'நம்மை'ன்னா நானும் அதுல சேர்ந்துடறேன். எங்களையா, நம்மையா, ஒண்ணைச் சொல்லுங்க."

"நீ வீட்டுக்குப் போ."

"எப்ப திரும்பி வரணும் சார்?"

"நான் சொன்ன வாக்கியத்துல பிழை ஏதாவது இருக்கா? இல்லேல்ல. வீட்டுக்குப் போ."

வீடு என்பது அவளுடைய தம்பி வீடு. அவன் லிஃப்ட் மெக்கானிக். அவன் மனைவி கண்ணாடிக் கடையில் லென்ஸ் அளவு எடுப்பவள். அவர்களுக்கு அப்போது மூன்று வயதில் ஒரு பெண். உருவம் சிறிது, காரம் அதிகம் என்பதால் மிளகு. இவர்கள் குடியிருப்பது இரண்டாம் மாடி. நேர் கீழே எங்கள் வீடு. நடுவில் இருக்கும் தளம் மெல்லியது. இத்தனையும் எனக்கு எப்படித் தெரியும் என்று கேட்பவர்களுக்கு அதுதான் பதில்.

இரண்டு மாதம் வீட்டிலிருந்தபடி மாத்திரை அட்டை, சலவைப் பொடி டப்பா, தம்பியின் லிஃப்ட் கையேடு என்று கண்ணில் பட்டதையெல்லாம் கமா திருத்தித் தள்ளினாள். பிறகு பல்கலைக்கழகத்தில் ஒரு வேலை கிடைத்தது. கார் நிறுத்துமிடத்தைப் பார்த்த ஜன்னல், இரண்டு மேசை, மேசைக்கு ஒரு ஹெட்ஃபோன், காலடியில் ஒரு பெடல். பெடலை மிதித்தால் ஒலிப்பதிவு ஓடும், விட்டால் நிற்கும், குதிகாலால் தட்டினால் மூன்று விநாடி பின்னால் போகும். பதிவில் பேசுகிறவர்கள் எல்லாரும் நான்கு வயதுக்குள். ஒரு மழலைப் பள்ளியில் பன்னிரண்டு பிள்ளைகளின் மேல்சட்டையில் தீப்பெட்டி அளவு கருவியை மாட்டிவிட்டு, இரண்டு வாரத்துக்கு ஒருமுறை ஒருமணி நேரம் அவர்கள் பேசுவதைப் பிடித்துக்கொண்டு வருவார்கள். எல்லாரும் வீட்டில் வேறு மொழி பேசி, பள்ளியில் இங்கிலீஷ் பழகுகிறவர்கள். அதைக் கேட்டுத் தட்டச்சு செய்ய வேண்டும்.

"இந்தப் பிள்ளைங்க இங்கிலீஷ்ல கேள்வி கேக்க எப்படிக் கத்துக்கறாங்கன்னு பார்க்கறோம்," என்றாள் ஆய்வாளர். ஒல்லியான பெண், எப்போதும் ஒரு பென்சிலைக் கொண்டையில் சொருகிவிட்டு இன்னொரு பென்சிலைத் தேடுவாள். "தப்பாக் கேட்டா தப்பாவே அடிக்கணும். எங்களுக்குத் தப்புதான் முக்கியம். சரியா இருக்கறதை வெச்சுக்கிட்டு நாங்க ஒண்ணும் பண்ண முடியாது."

கமாவுக்கு அது கசாப்புக் கடைக்காரரிடம் போய்க் கீரை கேட்பது மாதிரி இருந்தது. ஆனாலும் தலையாட்டினாள். மேசைக்கு மேலே சுவரில் ஒரு தாள் ஒட்டியிருந்தது: 'கேட்டது கேட்டபடி. திருத்தக் கூடாது.' அதில் பிழை எதுவும் இல்லை என்பதால் அவளுக்கு அது பிடித்தும் இருந்தது.

விஷயம் என்னவென்றால், நம் மொழியில் கேள்வி கேட்பது சுலபம். 'அவன் வந்தான்' என்பதற்கு ஒரு வாலை ஒட்டினால் 'அவன் வந்தானா'. 'என்ன' என்ற சொல்லை நடுவில் வைத்தால் வேலை முடிந்தது. மற்ற சொற்கள் உட்கார்ந்த இடத்திலேயே உட்கார்ந்திருக்கும். இங்கிலீஷில் அப்படி விடமாட்டார்கள். 'ஹி இஸ் ஈட்டிங்' என்று நிம்மதியாக உட்கார்ந்திருக்கும் 'இஸ்'ஸை எழுப்பி, 'ஹி'க்கு முன்னால் கொண்டுபோய் நிறுத்த வேண்டும். 'வாட் இஸ் ஹி ஈட்டிங்?' எழுப்புவதற்கு ஆள் இல்லாத வாக்கியத்தில் வெளியிலிருந்து 'டிட்' என்று ஒருவரைக் கூட்டிவர வேண்டும். அவர் வந்தால் 'வென்ட்' பதவி இறங்கி 'கோ' ஆகிவிட வேண்டும். பிள்ளைகள் இதைத் தவணை முறையில்தான் செய்கிறார்கள். முதலில் 'டாடி ஈட்டிங்?' என்று குரலை மட்டும் தூக்குவார்கள். அப்புறம் கேள்விச் சொல்லைக் கொண்டுவந்து வாசலில் நிறுத்திவிட்டு உள்ளே ஒன்றையும் நகர்த்தமாட்டார்கள்: 'வாட் ஹி இஸ் ஈட்டிங்?' அதன்பிறகு நகர்த்துகிறேன் பேர்வழி என்று முன்னால் ஒன்று, பழைய இடத்தில் ஒன்று என இரண்டையும் வைப்பார்கள்: 'டிட் யூ வென்ட்?', 'இஸ் திஸ் இஸ் யுவர்ஸ்?' இதெல்லாம் கடந்து ஒருநாள் சரியாக வரும். அந்த ஒருநாள் வரை காத்திருக்கத்தான் பல்கலைக்கழகம் சம்பளம் தருகிறது.

பக்கத்து மேசையில் இன்னொரு தட்டச்சுக்காரி. இருபத்தைந்து வயது இருக்கும். குழந்தை தும்மினால் 'தும்மல்' என்று அடைப்புக்குறிக்குள் அடிப்பாள், மூக்கு உறிஞ்சினால் அதையும் அடிப்பாள். அறையில் அவளுக்குப் பெயரே தும்மல் ஆகிவிட்டது. கமா அவளை ஏற இறங்கப் பார்த்தாள். அச்சகமாக இருந்தால் இவளை வாசலோடு அனுப்பியிருப்பார்கள் என்று நினைத்தாள்.

முதல் வாரம் கமா அடித்ததை ஆய்வாளர் பதிவோடு ஒப்பிட்டுப் பார்த்தாள். பிசகே இல்லை. அந்த வாரம் கமா ஒவ்வொரு தப்பையும் கண்ணை மூடிக்கொண்டு, விளக்கெண்ணெய் குடிக்கிற முகத்தோடு அடித்தாள். ஆய்வாளர் நிம்மதியாகித் தன் வேலையைப் பார்க்கப் போய்விட்டாள். அங்கேதான் வினை.

தம்பி மகள் மிளகும் அந்தப் பன்னிரண்டு பேரில் ஒருத்தி. சொந்தக்காரப் பிள்ளையின் பதிவை நாமே அடிக்கக் கூடாது என்பது அறையின் விதி. அதனால் மிளகின் பதிவுகள் தும்மலுக்குப் போயின. மற்றப் பதினொரு பேரும் கமாவுக்கு.

வீட்டில் மிளகுக்குத் தனியாக ஓர் ஏற்பாடு இருந்தது.

"அத்தை, வாட் யூ ஆர் டூயிங்?"

"வாட் ஆர் யூ டூயிங்."

"ஐ ஆம் ஸ்டாண்டிங்."

"உன்னைக் கேக்கலடி. நான் சொன்ன மாதிரி சொல்லு. வாட் ஆர் யூ டூயிங்."

"ஸ்டாண்டிங்தான் அத்தை. இப்ப உக்காந்துட்டேன்."

தம்பி செருப்பைக் கழற்றிக்கொண்டே சொன்னான்: "அக்கா, நீ கேக்கறே, அவ பதில் சொல்றா. மரியாதை தெரிஞ்ச பிள்ளை. இதுக்கு மேல என்ன வேணும் உனக்கு?"

"ஆர் முன்னாடி வரணும்டா."

"எங்க லிஃப்ட்ல ஏறினா எல்லாரும் முன்னாடிதான் வருவாங்க. விடு."

அவன் மனைவி சமையலறையிலிருந்து எட்டிப் பார்த்தாள். "நான் கடையிலேர்ந்து வந்து ஒரு வாய் தண்ணி குடிக்கறதுக்குள்ள இந்த வீட்ல ரெண்டு பாடம் முடிஞ்சுடுது. ஏன்க்கா, அவ பேசறது உங்களுக்குப் புரியுதா இல்லையா?"

"புரியுது."

"அப்புறம் என்ன?"

"புரிஞ்சா போதுமா?"

தம்பி மனைவி பாத்திரத்தை வைத்த ஓசையில் எங்கள் வீட்டு மின்விசிறி ஒரு சுற்றுக் குறைவாகச் சுற்றியது.

ஏழு மாதம் இப்படிப் போனது. அந்த வருடத்து முதல் அறிக்கை தயாரானது. பள்ளி உதவி செய்ததற்கு நன்றியாக, அதில் ஒரு பிரதியை ஆய்வாளர் பள்ளித் தலைவிக்கு அனுப்பிவைத்தாள். பத்தாவது நாள் தலைவியிடமிருந்து தம்பி வீட்டுக்குக் கடிதம் வந்தது. வகுப்பிலுள்ள மற்றப் பதினொரு பிள்ளைகளும் கேள்விகளை ஏறத்தாழ முழுக்கச் சரியாகக் கேட்கிறார்கள். உங்கள் மகள் பத்துக்கு ஏழு கேள்வியைத் தப்பாகக் கேட்கிறாள். ஒரு வருடம் பின்தங்கியிருக்கிறாள். ஆகவே மற்றவர்கள் பச்சை வகுப்புக்குப் போகும்போது இவள் சின்னப் பிள்ளைகளோடு நீல வகுப்பிலேயே இன்னொரு வருடம் இருக்கட்டும். ஆட்சேபம் இருந்தால் பன்னிரண்டு நாளுக்குள் நேரில் வரவும்.

மிளகுக்கு இந்தச் செய்தியை யாரும் சொல்லவில்லை, தானாகத் தெரிந்துவிட்டது. பச்சை வகுப்பில் பை மாட்டும் கொக்கிகளில் ஜன்னலோரக் கொக்கியை அவள் ஏற்கெனவே பிடித்துவைத்திருந்தாள். இரண்டு நாள் சாப்பாட்டுத் தட்டை முழங்கையால் தள்ளினாள். மூன்றாம் நாள் காலையில் பள்ளிக்கூட வாசலில் உட்கார்ந்துகொண்டு, "நான் பேபி இல்ல" என்று தமிழில் சொன்னாள். இங்கிலீஷில் ஒரு வார்த்தையும் பேசவில்லை. வீட்டிலும் பேசவில்லை.

"ஏழு மாசமா காலையும் சாயந்திரமும் திருத்தறீங்க," என்றாள் தம்பி மனைவி. கத்தவில்லை. அதுதான் பயமாக இருந்தது. "யாரும் திருத்தாத பதினொரு பிள்ளைங்க சரியாப் பேசுது. நீங்க திருத்தின ஒரே பிள்ளை பின்தங்கிடுச்சு. நீங்க மெய்ப்புப் பார்த்த புஸ்தகமெல்லாம் இப்படித்தான் வந்துச்சா அக்கா?"

கமாவுக்கு உச்சந்தலை வரை ஏறியது. அவளுக்கு ஒரே ஒரு விளக்கம்தான் தோன்றியது: தும்மல் தப்பாக அடித்திருக்கிறாள். மூக்கு உறிஞ்சுவதைக் கூட விடாதவள் 'ஆர்' எங்கே வந்தது என்பதைக் கவனித்திருக்கமாட்டாள். மறுநாள் வேலைக்குப் போனதும், தும்மல் இன்னும் வராத நேரம், மிளகின் பதிவை எடுக்கக் கை போனது. விதி நினைவுக்கு வந்தது. கமா திருட்டு வேலை செய்யத் தெரியாதவள். சரி, நம்முடைய பதினொரு பேரில் ஒரு பிள்ளையை முதலில் கேட்போம், சரியாகப் பேசுகிற பிள்ளை எப்படிப் பேசுகிறது என்று காதில் ஏற்றிக்கொண்டால் தும்மலிடம் சண்டை போட வசதியாக இருக்கும் என்று, தான் அடித்த தாளைக் கையில் வைத்துக்கொண்டு, பதிவைப் போட்டுப் பெடலை மிதித்தாள்.

தாளில் 'வேர் இஸ் ஹி கோயிங்' என்று இருந்தது.

காதில் 'வேர் ஹி இஸ் கோயிங்' என்று கேட்டது.

குதிகாலால் தட்டினாள். மூன்று விநாடி பின்னால் போய் மறுபடி 'வேர் ஹி இஸ் கோயிங்' என்றது. இயந்திரத்தில் கோளாறு என்று ஹெட்ஃபோனை மாற்றினாள். தும்மலின் ஹெட்ஃபோனிலும் அந்தப் பொடியன் அதையேதான் சொன்னான். பெடலைக் கழற்றித் திரும்ப மாட்டினாள். பதினொரு முறை போட்டாள். பதினொரு முறையும் 'ஹி' முன்னால்தான் இருந்தது. அடுத்த வரி: தாளில் 'டிட் யூ ஃபால்', காதில் 'டிட் யூ ஃபெல்'. அதற்கடுத்தது: தாளில் 'வொய் கான்ட் ஐ கோ', காதில் 'வொய் ஐ கான்ட் கோ'.

அவள் தெரிந்து செய்யவில்லை. காதில் பிள்ளையின் தப்புதான் விழுந்தது. விரல் சரியாக அடித்தது. நடுவில் யாரும் அவளை ஒரு வார்த்தை கேட்கவில்லை. மற்றப் பத்துப் பேரின் பதிவுகளையும் அங்கங்கே போட்டுப் பார்த்தாள். இரண்டாவது வாரத்திலிருந்து ஏழு மாதமும் இதே கதை. பதினொரு பிள்ளைகளின் வாயையும் ஒரே ஆள் துடைத்துப் பளபளவென்று வைத்துவிட்டாள். துடைக்காமல் விட்டது தன் வீட்டுப் பிள்ளை ஒன்றைத்தான், அதுவும் விதி தடுத்ததால்.

ஆய்வாளர் கொண்டையில் இருந்த பென்சிலைத் தேடிக்கொண்டிருந்தபோது கமா போய் நின்றாள்.

"மேடம், ஒரு தப்பு பண்ணிட்டேன்."

"எந்தப் பக்கத்துல?"

"எல்லாப் பக்கத்துலயும்."

சொல்லி முடித்தபோது ஆய்வாளர் நாற்காலியில் உட்கார்ந்திருந்தாள். எப்போது உட்கார்ந்தாள் என்று அவளுக்கே தெரியாது. "அடுத்த மாசம் கருத்தரங்குல இதைப் படிக்கறதா இருந்தேன். மூணரை வயசுல ஒரு வகுப்பே கேள்வியைச் சரியாத் திருப்பிப் போடுதுன்னு. இத்தனை வருஷமா யாருக்குமே கிடைக்காத முடிவு எனக்கு மட்டும் கிடைச்சிருக்கேன்னு ராத்திரி தூங்கலை. அவங்களுக்கெல்லாம் ஏன் கிடைக்கலேன்னு இப்பதான் புரியுது. அவங்ககிட்ட நீங்க வேலை பார்க்கலை."

"என்னை அனுப்பிடுங்க மேடம். ஆனா அதுக்கு முன்னாடி பள்ளிக்கூடத்துக்கு ஒரு வார்த்தை..."

"வார்த்தை சொன்னா நம்புவாங்களா? அந்தப் பிள்ளைக்கு நீங்க அத்தை. அத்தை அழுதுட்டு வந்து தப்பு என்னோடதுன்னு சொன்னா யார் வேணும்னாலும் அப்படித்தான் நினைப்பாங்க. தாள் வேணும். ஒவ்வொரு பிள்ளைக்கும் கடைசி ரெண்டு பதிவு. இருபத்திரண்டு மணி நேரம். ஒன்பது நாள்ல திரும்ப அடிங்க. நான் எதையாவது எடுத்து ஒப்பிட்டுப் பார்ப்பேன்."

இருபத்திரண்டு மணி நேரப் பதிவை அடிக்க நூறு மணி நேரமாவது ஆகும். தும்மலும் பாதியைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டாள், கேட்கக்கூட இல்லை. கமா உட்கார்ந்தாள். 'வேர் ஹி' என்று அடிக்க நினைத்தாள். திரையில் 'வேர் இஸ்' என்று வந்தது. அழித்தாள். மறுபடி 'வேர் இஸ்'. விரலை உதறினாள். திரையை அணைத்துவிட்டு அடித்துப் பார்த்தாள். திரையைப் போட்டால் எல்லாம் சுத்தமாக, இலக்கணப் புத்தகம் மாதிரி நின்றது. மத்தியானத்துக்குள் அந்த விசைப்பலகையை அவள் திட்டிய திட்டுக்கு, அது ஆளாக இருந்திருந்தால் ஊரை விட்டே போயிருக்கும். இரண்டாம் நாளும் இதே. மூன்றாம் நாள் தும்மல் ஹெட்ஃபோனைக் கழுத்துக்கு இறக்கினாள்.

"அக்கா, அச்சகத்துல மூலப்படின்னு ஒண்ணு வரும்ல?"

"வரும். அதுக்கென்ன இப்போ?"

"அதுல இல்லாத வார்த்தையை அச்சுக் கோக்கறவர் தானாச் சேர்த்துட்டா என்ன பண்ணுவீங்க?"

"கையை ஒடிப்பேன்."

"இங்க அந்தப் பிள்ளைதான் மூலப்படி. அச்சுக் கோக்கறது நீங்க."

கேவலம் ஒரு மூக்கு உறிஞ்சலை அடிக்கிறவள் சொல்லித்தர வேண்டியதாகப் போயிற்றே என்ற எரிச்சலில் கமா தண்ணீர் பாட்டிலைத் திறந்து, குடிக்காமல், மூடினாள். பிறகு விசைப்பலகையைத் தள்ளிவைத்தாள். தன் பங்குக்கு வந்த பழைய தாள்களை அச்சிட்டு எடுத்துக்கொண்டாள். சிவப்புப் பேனாவைத் திறந்தாள். பெடலை மிதித்தாள்.

அடிக்கத்தான் அவளுக்கு வராது. ஒப்பிட வரும். தாளில் 'வேர் இஸ் ஹி'. மூலப்படியில் 'வேர் ஹி இஸ்'. இரண்டு சொல்லையும் வளைத்து ஒரு கொக்கி போட்டாள், இடம் மாற்றுக என்று. தாளில் 'ஃபால்', மூலப்படியில் 'ஃபெல்'. கோடிட்டு அடித்து, ஓரத்தில் எழுதினாள். சரியை வெட்டித் தப்பை நட்டாள். இருபத்திரண்டு வருடத்துக் கை, இப்போது தலைகீழாக ஓடியது. ஓடியதுதான் ஆச்சரியம்; கொஞ்சம்கூடத் தடுமாறவில்லை. தும்மல் அதைப் பார்த்துத் திருத்தப்பட்ட படியை அடித்துக்கொடுத்தாள். ஏழாம் நாள் முடிவில் கமா போட்ட சிவப்புக் கொக்கிகள் அறுநூற்று நாற்பத்து மூன்று. நடுவில் ஒரு பேனா தீர்ந்தது. இரண்டு என்றும் சொல்லலாம்.

இதில் அவளைக் குடைந்த விஷயம் ஒன்று உண்டு. பெரியவர்களின் தப்புக்கு ஓர் ஒழுங்கும் கிடையாது. நினைத்த இடத்தில் நினைத்ததைப் போடுவார்கள். இந்தப் பொடிசுகள் தப்பை வரிசையில் செய்தன. 'வேர்' முதலில் திருந்துகிறது, 'வொய்' கடைசியில்தான். 'கான்ட்', 'டோன்ட்' என்று மறுப்பு வந்துவிட்டால் எல்லாருக்கும் கால் இடறுகிறது. ஆய்வாளர் ஒரு பொம்மை ஆமையை வைத்து விளையாட்டு ஒன்று நடத்தியிருந்தாள். தூங்குகிற பூனைக்குப் பசிக்கிறதா என்று ஆமையிடம் கேள் என்பாள். 'த கேட் தட் இஸ் ஸ்லீப்பிங் இஸ் ஹங்ரி' என்பதில் இரண்டு 'இஸ்' இருக்கிறது. முதலில் வருவது பூனையின் தூக்கத்துக்குச் சொந்தம், பின்னால் வருவது பசிக்குச் சொந்தம். பசியின் 'இஸ்'ஸைத்தான் முன்னால் இழுக்க வேண்டும். பிள்ளைகள் கூடுதலாக ஓர் 'இஸ்'ஸைச் செருகினார்கள், மென்று முழுங்கினார்கள், ஆமையின் காலைப் பிடித்து இழுத்தார்கள். ஆனால் கைக்கு அருகில் இருந்த தூக்கத்தின் 'இஸ்'ஸைப் பிடுங்கி முன்னால் வைத்த பிள்ளை ஒன்றுகூட இல்லை.

"இதை யாரு இவங்களுக்குச் சொன்னது?" என்றாள் கமா.

"அது தெரிஞ்சா நான் ஏன் இந்த மாடியில உக்காந்திருக்கேன்?" என்றாள் ஆய்வாளர்.

பன்னிரண்டாம் நாள் பள்ளித் தலைவியின் அறைக்கு எல்லாரும் போனார்கள். பெரியவர்களுக்கான நாற்காலி அங்கே ஒன்றுதான், அதில் தலைவி. ஆய்வாளர், தம்பி, தம்பி மனைவி, கமா நால்வரும் முழங்கால் மோவாயில் இடிக்கிற குட்டி நாற்காலிகளில் உட்கார்ந்தார்கள். தம்பி ஒருமுறை எழுந்தபோது நாற்காலியும் கூடவே எழுந்தது. மிளகு வெளியே நீல வகுப்பின் வாசலில் ஒரு காலில் நின்றாள்.

ஆய்வாளர் இரண்டு தாள்கட்டையும் வைத்தாள், பழையது, புதியது. நடந்ததைச் சொன்னாள். கமாவைச் சுட்டிக்காட்ட வேண்டிய இடத்தில் சுட்டிக்காட்டினாள்; கூட்டவும் இல்லை, குறைக்கவும் இல்லை. தலைவி சிவப்புக் கொக்கிகளைப் புரட்டினாள்.

"அப்ப எங்க பதினொரு பிள்ளைங்களும்?"

"பத்துக்கு ஆறு தப்பு, ஏழு தப்பு. இந்த வயசுல அப்படித்தான் இருக்கணும். சாதாரணப் பிள்ளைங்க மேடம்."

"சாதாரணமா?" தலைவியின் மேசையில் புது விளம்பரத் தாள் ஒரு கட்டு இருந்தது. 'மூன்று வயதில் முழு இலக்கணம்' என்று மேலே அச்சடித்திருந்தது. அதைத் திருப்பிக் கவிழ்த்து வைத்தாள். கமாவைப் பார்த்த பார்வையில் அச்சகத்து முதலாளி கொஞ்சம் தெரிந்தார். "அந்தப் பொண்ணு?"

"அவளும் பத்துக்கு ஏழு. மத்தவங்களோடதான் நிக்கறா. அவளை மட்டும் நிறுத்திவைக்க வேண்டிய காரணம் இதுல ஒண்ணும் இல்லை. ஆனா..." ஆய்வாளர் மிளகின் தாளைத் தனியாக எடுத்தாள். "இவகிட்ட மட்டும் ஒரு விஷயம் இருக்கு. வேற எந்தப் பிள்ளைகிட்டயும் நான் பார்க்கலை. எந்த நாட்டுப் பிள்ளையைப் பத்தியும் படிச்சதில்லை. ஒரே கேள்வியைத் திருப்பிச் சொன்னா முதல் தடவை சொன்னதுதான் கணக்கு, அது எங்க விதி. அதனால இது கண்ணுலேர்ந்து தப்பிச்சுடுச்சு. தும்... எங்க தட்டச்சுக்காரி அப்படியே அடிச்சிருக்கா, பாருங்க."

தலைவி படித்தாள். "வாட் யூ ஆர் டூயிங், வாட் ஆர் யூ டூயிங். வேர் ஷி இஸ் கோயிங், வேர் இஸ் ஷி கோயிங்." நிமிர்ந்தாள். "ரெண்டு தடவை கேக்கறா?"

"முதல்ல தப்பா. உடனே சரியா. தப்பாத் தொடங்கற ஒவ்வொரு கேள்வியும். ரெண்டாவது பாதியில குரல் வேற கொஞ்சம் கண்டிப்பா வருது." ஆய்வாளர் தொண்டையைச் செருமினாள். "வீட்ல தினமும் ஒரு கேள்வி கேட்டா அப்படித்தான் ரெண்டு துண்டா வருது. இங்கிலீஷ்ல கேள்வின்னா அதுதான்னு அந்தப் பிள்ளை முடிவு பண்ணியிருக்கு. முதல் பாதி குழந்தையோடது, ரெண்டாவது பாதி அத்தையோடது. அத்தை இல்லாத இடத்துல ரெண்டையும் அவளே சொல்லிடறா."

தம்பி சிரிப்பை அடக்கியதில் குட்டி நாற்காலி கிறீச்சிட்டது. அவன் மனைவி சிரிக்கவில்லை. கமாவின் பக்கம் திரும்பி, ரொம்ப மெதுவாக, "அக்கா" என்றாள். அந்த ஒரு சொல்லில் ஏழு மாதமும் இருந்தது.

தலைவி யோசித்தாள். மிளகு பச்சை வகுப்புக்குப் போகலாம். ஒரு நிபந்தனை. இன்று தொடங்கி, பள்ளி திறந்து மூன்று மாதம் ஆகும்வரை வீட்டில் யாரும் அவள் பேச்சைத் திருத்தக் கூடாது. கேட்டால் பதில் சொல்ல வேண்டும், அவ்வளவுதான். "யாரும்னா எல்லாரையும்தான் சொல்றேன்," என்று தலைவி சொன்னபோது எல்லாரும் ஒரே ஆளைப் பார்த்தார்கள்.

"சரி," என்றாள் கமா.

வேலையும் போகவில்லை. ஆய்வாளர் அவளை அடிக்க விடுவதில்லை. தும்மல் அடித்ததைப் பதிவோடு ஒப்பிடுவதற்கு வைத்துக்கொண்டாள். முதல் நாளே தும்மல் விட்டுப்போன ஒரு கொட்டாவியைக் கமா கண்டுபிடித்தாள். இருவரும் அதைப்பற்றி ஒருமணி நேரம் சண்டை போட்டார்கள்.

தலைவியைப் பார்த்துவிட்டு வந்த அன்று சாயந்திரம் கமா கட்டிலில் துணி மடித்துக்கொண்டிருந்தாள். மிளகு வந்து கட்டிலின் விளிம்பில் மோவாயை வைத்தாள். பத்து நாளுக்குப் பிறகு வாயிலிருந்து இங்கிலீஷ் வந்தது.

"அத்தை, வாட் யூ ஆர் டூயிங்?"

கமா பல்லைக் கடித்தாள். ஒரு துண்டை மடித்தாள். பிரித்தாள். திரும்ப மடித்தாள். சமையலறையில் பாத்திரச் சத்தம் நின்றுவிட்டது. அங்கே ஒருத்தி காதைத் தீட்டிக்கொண்டு நிற்கிறாள் என்று அர்த்தம். கீழே நான் மின்விசிறியை நிறுத்தினேன், வேறு எதற்கும் இல்லை, புழுக்கம் அவ்வளவாக இல்லாததால்.

மிளகு கொஞ்ச நேரம் காத்திருந்தாள். பிறகு அத்தையின் முழங்கையை ஒரு விரலால் தட்டினாள்.

"அத்தை. நான் சொல்லிட்டேன். இப்ப நீங்க சொல்லணும்."

"நான் ஒண்ணும் சொல்ல மாட்டேன்."

"அப்ப கேள்வி முடியாதே."

"முடிஞ்சுடுச்சுடி. அவ்வளவுதான் கேள்வி. எனக்குப் புரிஞ்சுது." அதைச் சொல்வதற்கு அவளுக்கு ஒரு பல் ஆடியிருக்கும். "துணி மடிக்கறேன்."

மிளகு அந்தப் பதிலை மேலும் கீழும் பார்த்தாள். ஏழு மாதத்தில் இந்தக் கேள்விக்கு அவளுக்குப் பதில் வந்தது இதுதான் முதல் தடவை.

"வொய் யூ ஆர் ஃபோல்டிங்?" என்று உடனே அடுத்ததைத் தொடங்கினாள்.

கமா மடித்த துணி எல்லாவற்றையும் அள்ளித் தரையில் வைத்துவிட்டு, "உங்கம்மாகிட்ட போய்க் கேளு" என்றாள்.